மதியச் சாப்பாடு, இருபது நிமிடப் பேச்சு: கடலூர் வக்கீலம்மா பதில்கள்

மாதம் ஒருமுறை எங்கள் வக்கீல் சங்கத்தில் மதியச் சாப்பாட்டோடு வெளியாள் ஒருவரைப் பேச வைக்கிறோம், ஆள் பிடிக்கும் வேலை என்னுடையது என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். பட்டா மாறுதலும் ஜீவனாம்சமும் கேட்டு வழக்கமாக வரும் தபாலை, அதைப் பற்றி வந்த தபால் மிஞ்சிவிட்டது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. பட்டா கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

ச.வ., தாலுகா வக்கீல் சங்கச் செயலாளர், கடலூர் மாவட்டம்: நாங்களும் ஆரம்பித்தோம். முதல் கூட்டத்துக்கு ஒரு பெரிய மனிதரை அழைத்தோம். வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடிக்கும்போது கோர்ட் உட்காரும் நேரமாகிவிட்டது. யாரைத்தான் அழைப்பது?

பெரிய மனிதரை விடுங்கள். நம் கேஸ் கட்டுகளில் தினமும் புரள்கிற காகிதங்களைத் தன் கையால் தயாரிக்கிறவர் யார் என்று பாருங்கள். அவரைக் கூப்பிடுங்கள். நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடம் இல்லாமல் நம் மாவட்டத்தில் எல்லைத் தகராறு வழக்கு உண்டா? அதை வரைகிற சர்வேயரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டிருக்கிறோமே தவிர, நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கிறோமா? கூண்டில் நிற்கிறவர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்.

எங்களுக்கு வாய்த்த பேச்சுகளிலேயே நல்ல பேச்சு, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவருடையது. "எனக்குப் பேசல்லாம் வராதுங்கம்மா" என்றார். பேச வேண்டாம், பழைய செயின் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். மஞ்சள் பையிலிருந்து இரும்புச் சங்கிலியை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் கொட்டினார். சாம்பார் வாளி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. 66 அடி நீளம், 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒரு முனையை ஒரு ஜூனியரும் மறுமுனையை இன்னொரு ஜூனியரும் பிடிக்க, ஹால் போதாமல் வராந்தா வழியாக நூலக வாசல் வரை போயிற்று. "இப்ப தம்பி, நீங்க கொஞ்சம் தொய்வா விடுங்க. அந்தப் பக்கம் நிக்கிறவர் எத்தனை அடி கிட்ட வரலாம், பாருங்க" என்றார். பார்த்தோம். அரை அடி நிலத்துக்காகப் பல வருஷம் வழக்கு நடத்திய சீனியர் ஒருவர் கையிலிருந்த வடையை இலையில் வைத்துவிட்டார்.

அப்புறம்தான் புல வரைபடத்தை விரித்தார். நடுவே ஓடும் கோடுகள் வரப்பு அல்ல, அளப்பதற்காக நிலத்தின் மேல் மனதால் போட்ட நேர்கோடுகள். அதிலிருந்து செங்குத்தாக எத்தனை தூரத்தில் வரப்பு வளைகிறது என்பதுதான் பக்கத்தில் எழுதியிருக்கும் எண் என்றார். நம்மில் பாதிப் பேர் அந்தக் கோட்டையே எல்லை என்று காட்டிக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறோம்! எல்லைக் கல் காணாமல் போயிருந்தால் பக்கத்துக் கல்லிலிருந்து, அதுவும் இல்லையென்றால் மூன்று ஊர் எல்லை கூடும் முச்சந்திக் கல்லிலிருந்து பிடித்து வர வேண்டும். நாமோ இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைக் கேட்டு மனுப் போடும்போது "சர்வேயர் உதவியுடன் அளந்து" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எந்தக் கல்லை நிலைப்புள்ளியாக வைத்து என்று எழுதுவதில்லை. கமிஷனர் போய்க் கட்சிக்காரர் காட்டிய காம்பவுண்டுச் சுவரிலிருந்து அளந்துகொண்டு வருவார். எதிர்த்தரப்பு ஆட்சேபணை போட்டு, "எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டதும் அறிக்கை செல்லாக்காசு. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். நில அளவையில் ஏக்கர் ஹெக்டேராக மாறியபோது நுழைந்த பிழைகளைப் பற்றிச் சொல்ல அவருக்கு நேரம் போதவில்லை. அடுத்த மாதமும் அவரையே கூப்பிட்டோம். இப்போது எங்கள் ஜூனியர்கள் போடும் கமிஷன் மனுக்களில் கல் எது என்று ஒரு பத்தி இருக்கிறது.

எல்லைத் தகராறில் கடலூருக்கு அனுபவம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் நிலம் எங்களுடையது என்று எல்லை வகுத்துக்கொண்டார்கள். அந்த வட்டத்துக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் பஸ் பலகையில் இருக்கிறது. கமிஷனர் இல்லை, கல் இல்லை, ஆட்சேபணை மனுவும் இல்லை.

சர்வேயருக்கு அடுத்து நான் சிபாரிசு செய்வது தடயவியல் மருத்துவத் துறை ஆசிரியரை. சிதம்பரத்திலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறார்கள். எங்களுக்குப் பேசியவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு நிற்கவில்லை. காயச் சான்றிதழ் எழுதும்போது மருத்துவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்க நேரம் இருப்பதில்லை என்பதையும் சொன்னார். இருபது நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடந்தால் கொடுங்காயம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவில் படித்தோமே, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவில் அது பதினைந்து நாளாகிவிட்டது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த அடிதடிக்குப் பழைய கணக்கு, பின் நடந்ததற்குப் புதிய கணக்கு. அன்று ஹாலில் இருந்த குற்றவியல் வக்கீல்கள் சிலர் அவசரமாகக் குறிப்பெடுத்ததைப் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன்.

மூத்த வழக்கறிஞர், விருத்தாசலம்: காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறோம். சாப்பிடும் நேரத்திலாவது நிம்மதியாக விடக்கூடாதா? இது யார் கண்டுபிடித்த சித்திரவதை?

வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததுதான், ஐயா. லண்டனில் அந்தக் காலத்தில் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. சேர்ந்திருக்கும் சங்கத்தின் கூடத்தில் இத்தனை விருந்துக்கு உட்கார்ந்து எழுந்தாக வேண்டியிருந்தது. காந்தி இன்னர் டெம்பிள் என்ற சங்கத்தில் படித்தபோது பன்னிரண்டு பருவம் அப்படி உட்கார்ந்திருக்கிறார். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்களாம். அவர் தொடமாட்டார் என்பதால் ஒரு பங்கு மிஞ்சும். அவரைத் தங்கள் நால்வரில் ஒருவராக்கிக்கொள்ள மற்றவர்களிடையே போட்டி என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் சங்கத்தில் அந்த ஏற்பாடு செய்தால் கூட்டம் நிரம்பி வழியும், மறுக்கவில்லை. ஆனால் புதுச்சேரியிலிருந்து சரக்கு ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தாக வேண்டுமே.

அமெரிக்காவில் இன்று பெரும்பாலான மாநிலங்களில் வக்கீல் தொழில் தொடர ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் படித்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். மின்னசோட்டா மாநிலம் 1975-இல் தொடங்கி வைத்தது. கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு 25 மணி நேரம், டெக்சாசில் ஆண்டுக்கு 15. உள்ளூர் வக்கீல் சங்கம் மதிய விருந்து வைத்துப் பேச்சாளரை அழைக்கும். பேச்சுக்கு அங்கீகாரம் வாங்கியிருந்தால் சாப்பிட்டுக்கொண்டே கேட்ட நேரமும் அந்தக் கணக்கில் ஏறும். நம் வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இல் அப்படி மணிக்கணக்கு எதுவும் கிடையாது.  ஆகவே உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்து அறையில் தயிர் சாதம் தனியாக வைக்கச் சொல்கிறேன். பேச்சு காதில் விழுந்தால் நான் பொறுப்பல்ல.

ஒரு ஜூனியர், கடலூர்: மேடம், செல்போன் பழுது பார்க்கும் பையனைக் கூட்டி வந்து வக்கீல்களுக்குப் பாடம் எடுக்க வைத்தீர்களாமே? சங்கத்தின் மரியாதை என்னாவது என்று ஒரு சீனியர் கேட்டார்.

என்னிடமும் கேட்டார். பேச்சு முடிந்ததும் அந்தப் பையனின் நம்பரை முதலில் வாங்கியவரும் அவர்தான்.

அந்தத் தம்பி செய்தது இவ்வளவே. சாப்பாட்டுப் பந்தியைத் தன் போனில் ஒரு படம் எடுத்தான். அதை என் போனுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு விதமாக அனுப்பினான்: ஒருமுறை படமாக, ஒருமுறை டாக்குமெண்டாக. இரண்டையும் கணினியில் திறந்து காட்டினான். படமாக வந்ததில் அளவு சுருங்கியிருந்தது. எந்தப் போனில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுத்தது என்ற உள்குறிப்புகள் எல்லாம் போயிருந்தன. டாக்குமெண்டாக வந்ததில் அப்படியே இருந்தன. பிறகு இரண்டுக்கும், கோப்பின் கைரேகை போன்ற எண்ணான ஹாஷ் மதிப்பு எடுத்தான். கண்ணுக்கு ஒரே படம், எண்ணோ வேறு வேறு.

புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷ் மதிப்பைத்தான் எழுதச் சொல்கிறார்கள். படிவத்தில் எஸ்.ஹெச்.ஏ.-1, எஸ்.ஹெச்.ஏ.-256, எம்.டி.-5 என்று கணக்கிடும் முறைகளுக்குக் கட்டம் போட்டே வைத்திருக்கிறது. முதல் பகுதி நம் தரப்பு எழுத வேண்டியது, இரண்டாம் பகுதி நிபுணர் எழுத வேண்டியது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழ் போல ஒரு பத்தி டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று இனி இருக்க முடியாது. "என் கட்சிக்காரர் மருமகன் அனுப்பின போட்டோ" என்று குறியீடு செய்யப் போகிறவர்கள், அசல் போனைப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு பேசுங்கள். இதைச் சொல்லித் தர ஐ.ஜி. வர வேண்டுமா என்ன?

ரா.கு., புதுச்சேரி: எங்கள் இளைய வக்கீல்களுக்குப் பிரெஞ்சு சட்டம் பழங்கதை. அதைப் பற்றிப் பேச ஒருவரை அழைக்கலாம் என்றால், சாப்பிட்டதும் தூக்கம் வரும் என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாம்?

சப்பாத்திலிருந்து, அதாவது ஷூவிலிருந்து, ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தூங்கமாட்டார்கள்.

1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற புதுச்சேரி வக்கீல் ஐரோப்பியர் போலக் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். நம்மவர்கள் வெறுங்காலோடு வர வேண்டும் என்பது அங்கே இருந்த நடைமுறை. நீதிபதி ஒப்பவில்லை. இவரும் விடவில்லை. கடல் தாண்டிப் பாரீஸில் இருக்கும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்தது: விரும்புகிறவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம், ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி லபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அப்படித் துறந்தவர்கள்தான் உங்கள் ஊர் ரெனோன்சான் குடும்பங்கள்.

இது வரை கதை. இதற்குப் பிறகு பேச்சாளர் வழக்குக்கு வர வேண்டும். 1963-இல் இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசு உரிமைச் சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, அவை ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனியே ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். அதாவது கட்சிக்காரர் நெற்றியில் திருநீறு இருக்கலாம், வீட்டில் பொங்கல் வைக்கலாம், ஆனால் அவர் தாத்தா ஒரு நாள் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் சொத்துக்குச் சட்டம் வேறு. தகப்பன் தன் இஷ்டத்துக்கு உயில் எழுத முடியாது. நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டக் கணக்குப்படி ஒரு பிள்ளை இருந்தால் பாதி, இரண்டு இருந்தால் மூன்றில் ஒன்று, மூன்றோ அதற்கு மேலோ என்றால் கால் பங்கு. அவ்வளவுதான் அவர் கையில். மிச்சம் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நம் பக்கத்து வக்கீல் இது தெரியாமல் "என் கட்சிக்காரருக்கு முழுச் சொத்தும் உயில்" என்று எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

ரெனோன்சான் அல்லாத இந்துக் குடும்பங்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிரெஞ்சு இந்தியாவின் வழக்காற்றுப்படி தகப்பன் உயிரோடு இருக்கும் வரை மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. கடலூரில், மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு தரும் மிதாட்சரம் படித்துவிட்டு, புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் நிலத்துக்கு மகன் பெயரில் பங்கு வழக்குப் போடுகிறவர்கள் அந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். பாகூருக்கும் எங்களுக்கும் நடுவே சில மைல்தான்.

யாரை அழைப்பது என்றால், பேராசிரியரை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தே வயிறு வளர்த்த முதியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவுக்குக் கை மாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி மாறியது, அந்த ஆண்டு நவம்பர் 6 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வந்தது. பத்திரத்தின் தேதி இந்த மூன்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று பார்க்கப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது. தேதி வைத்திருந்தால் எனக்கும் ஒரு இலை போடுங்கள், வருகிறேன்.

பெயர் வேண்டாம், சிதம்பரம்: எங்கள் நீதிபதியையே பேச அழைக்கலாம் என்று ஒரு சாரார். கூடாது என்று இன்னொரு சாரார். நீங்கள்?

உங்கள் ஊர் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிற நீதிபதியைச் சாப்பாட்டுக்கு அழைக்காதீர்கள். சங்கத்தின் ஆண்டு விழா வேறு. மேடை, மைக், எல்லோரும் பார்க்கிற இடம். மதியப் பந்தி அப்படியல்ல. பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்பதிலேயே தகராறு. மறுநாள் பிற்பகல் வாதம் பாக்கி வைத்திருக்கிற வக்கீல் அவருக்கு அப்பளம் எடுத்துப் போடுவதை எதிர்த்தரப்புக் கட்சிக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன நினைப்பார்? கட்சிக்காரர்கள் மரத்தடியில்தானே நிற்கிறார்கள்.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 1997 மே மாதம் தங்களுக்கென்று ஒரு நெறித்தொகுப்பு ஏற்றுக்கொண்டார்கள். வக்கீல்களோடு, குறிப்பாகத் தன் கோர்ட்டில் தொழில் செய்கிறவர்களோடு தனிப்பட்ட நெருக்கம் வேண்டாம், குடும்பத்தாரும் நெருங்கிய உறவினரும் நண்பர்களும் தவிர வேறு யாரிடமும் அன்பளிப்பு வாங்க வேண்டாம் என்று அதில் இருக்கிறது. மேல் கோர்ட்டுக்குச் சொன்னது கீழே இருப்பவர்களுக்கும் நல்லதுதான்.

ஓய்வுபெற்றவரை அழையுங்கள். தீர்ப்பு எழுதிய மனிதர் ஓய்வுக்குப் பிறகு, "உங்கள் எழுத்துபூர்வ வாதத்தில் நான் எந்தப் பக்கத்தோடு நிறுத்துவேன் தெரியுமா?" என்று சொல்வது காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம். எங்களுக்கு ஒருவர் அப்படிச் சொன்னார். மூன்றாவது பக்கம்.

ஜெ., இளம் வழக்கறிஞர், புதுச்சேரி: என்னை ஒரு வியாபாரிகள் சங்கம் மதிய விருந்தில் பேச அழைத்திருக்கிறது. விசிட்டிங் கார்டு கொடுக்கலாமா? பேச்சை ரீல்ஸ் ஆக்கிப் போடலாமா?

பேசுங்கள், தம்பி. சட்டம் சொல்லிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. பந்தியில் இலைக்கு ஒரு கார்டு வைத்துக்கொண்டே போகாதீர்கள். பார் கவுன்சில் விதி 36 என்ன சொல்கிறது? நேராகவும் சரி, சுற்றி வளைத்தும் சரி, சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், தனிப்பட்ட தொடர்பு எந்த வழியிலும் வேலை தேடக் கூடாது. பெயர்ப்பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். இன்ன சங்கத்தின் தலைவர், இன்ன வழக்கில் நிபுணர் என்று அதில் எழுதக் கூடாது. 2008-இல் கொஞ்சம் தளர்த்தி, சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் என்ற அளவுக்குப் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். அத்தோடு சரி. இணையத்தில் விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டிருக்கிறது.

யாராவது தானாக வந்து கேட்டால் கார்டு கொடுங்கள். ரீல்ஸ் என்றால், செக் திரும்பினால் முப்பது நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ரீல்ஸ் ஒன்று. பின்னணி இசையோடு கவுனைச் சுழற்றிக்கொண்டு "வெற்றி நிச்சயம்" என்று நடந்து வரும் ரீல்ஸ் இன்னொன்று. இரண்டாவதைப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வெற்றி நிச்சயமானதாகத் தெரியவில்லை.

இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்: என் கணவர் வக்கீல். கூட்டம் நடக்கும் நாளில் நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. தேதியை முன்கூட்டிச் சொல்லக்கூடாதா?

நியாயமான புகார். இனி வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் முன்பே போடச் சொல்கிறேன். அவர் அதைப் பார்த்தும் உங்களிடம் சொல்லவில்லையென்றால் அது எங்கள் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒரு பெண் வழக்கறிஞர், பண்ருட்டி: கேள்வி நேரத்தில் எழுந்தால், "உட்காரும்மா, சார் கேக்கட்டும்" என்கிறார்கள். பிறகு எதற்கு வருவது என்று தோன்றுகிறது.

என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள், எண்பதுகளின் கடைசியில். அன்று ஹாலில் எங்களுக்கு நாற்காலி கிடைப்பதே பாடு.

நான் பொறுப்பேற்றதும் செய்த முதல் வேலை, கைதூக்கிக் கேட்பதை நிறுத்தியது. இலை போடும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. பெயர் எழுத வேண்டாம். கேள்வியை எழுதித் தட்டில் போட்டுவிட வேண்டும். நான் எடுத்து வாசிப்பேன். சீனியர் எழுதியதும் ஜூனியர் எழுதியதும் ஒன்றாகக் கலந்து வரும். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று: "இது தெரியாதா இவருக்கு?" என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்று வாயைத் திறக்காமல் இருந்த பெரியவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கு பற்றிப் பேச்சு நடந்த நாளில் ஒரு சீட்டு வந்தது: "1989-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு உண்டா இல்லையா, ஒரே வரியில் சொல்லவும்." கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும், மிகப் பெரிய கை. இந்து வாரிசு உரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும் கொடுத்தது, 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பாகப் பிரிவினை முறைப்படி முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. பதில் ஒரு வரிக்கு அடங்கவில்லை, அவர் பொறுத்துக்கொண்டார்.

உங்கள் சங்கத்தில் தட்டு வைக்க யாரும் முன்வராவிட்டால் நீங்களே ஒரு சில்வர் தட்டை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். தட்டை ஏந்தி நிற்கிற பெண்ணைத் தடுத்துப் பழக்கமில்லை இவர்களுக்கு.

தமிழாசிரியர், கடலூர் முதுநகர்: எப்போதும் சட்டம்தானா? பாரதியைக் கைது செய்த ஊர் இது. அவரைப் பற்றிப் பேச ஒருவரை அழைக்கக்கூடாதா?

அழைத்தோமே. 1918 நவம்பர் 20-இல் புதுச்சேரியை விட்டு வெளியேறி வந்தவரைக் கடலூர் அருகே பிடித்தார்கள். டிசம்பர் 14 வரை இங்கே சிறையில் இருந்தார். பேச வந்தவர் கவிதை பாடி அமர்க்களப்படுத்தினார். கைத்தட்டல் ஓயவில்லை. ஆனால் எனக்கு உள்ளே ஒரு எண்ணம்: மூன்று வாரத்துக்கு மேல் விசாரணை இல்லாமல் உள்ளே இருந்த மனிதரைப் பற்றி வக்கீல்கள் கூட்டத்தில் பேசிவிட்டு, இன்று கேப்பர் மலைச் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் எப்படிக் கலைவது?

அதனால் அடுத்த மாதம் சிறைத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்தேன். பாட்டும் இல்லை, கைத்தட்டலும் இல்லை. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவை வாசித்தார். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இல்லை. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லை. புதுச் சட்டம் வருமுன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இதுக்கு மனுப் போட வக்கீல் வரணும்னு ஒருத்தன் காத்திருப்பான் சார். அவனுக்கு வக்கீல் யாருன்னே தெரியாது" என்றார். அன்று சாயங்காலம் இரண்டு ஜூனியர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் போய்ப் பெயர் கொடுத்தார்கள்.

ம.செ., நெய்வேலி: நான் வக்கீல் இல்லை. நிலம் எடுத்தது சம்பந்தமாகச் சட்டம் தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் கூட்டத்துக்கு வரலாமா?

வர முடியாதுங்க, அது சங்க உறுப்பினர்களுக்கு மட்டும். கட்சிக்காரர் நடுவில் உட்கார்ந்தால் வக்கீல்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஊர் ஊராகச் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துகிறது, அதற்கு அனுமதி இலவசம். இலவச வக்கீல் வேண்டுமானால் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் உரிமை இருக்கிறது. இவர்கள் வருமானக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

த.ப., சங்கப் பொருளாளர், திட்டக்குடி: சாப்பாட்டுச் செலவு கட்டுப்படியாகவில்லை. மனை விற்பனை செய்கிறவர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்கிறேன், ஐந்து நிமிடம் பேசவிட்டால் போதும் என்கிறார். சம்மதிக்கலாமா?

வேண்டாம். அவர் மனையின் மூலப் பத்திரம் ஒருநாள் உங்கள் மேசைக்கே வரும். சாப்பிட்ட இலையை நினைத்துக்கொண்டு வில்லங்கம் பார்க்க முடியாது.

செலவைக் குறைக்கிற வழி சொல்கிறேன். சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கு ஒரு வடை. பாயசம் வைத்தால் பேச்சு நடக்கும்போது தலை தொங்கும், அதை விட்டுவிடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்குங்கள். பணம் கட்டினவர் வாய்தா கேட்டுக்கொண்டாவது வந்துவிடுவார். சீனியர் தன் ஜூனியருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள், முணுமுணுப்பு ஒரு மாதம்தான் இருக்கும். பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு மூன்றையும் ஒழித்தால் பணமும் மிச்சம், பத்து நிமிடமும் மிச்சம். பேச்சாளருக்கு நாங்கள் கொடுப்பது அரைக் கிலோ பண்ருட்டி முந்திரி, போக வர ஆட்டோ வாடகை. அந்தச் சர்வேயர் மட்டும் முந்திரி வேண்டாம் என்றார். அவர் வீட்டுக் கொல்லையிலேயே மரம் இருக்கிறதாம்.